வலது பக்கத்துப் படி

எந்தப் படியில் ஏறினாலும் தேயா அக்கா முதலில் குதிகாலை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள். தலையைச் சற்றே சாய்த்து, கீழேயிருந்து யாரோ பதில் சொல்லப்போவது போல அரை நொடி காத்திருப்பாள். அதன் பிறகுதான் மற்றக் காலைத் தரையிலிருந்து எடுப்பாள். பேருந்துப் படி, தேவாலயத்தின் கல்படி, அடுத்த வீட்டு மரப்படி, எதற்கும் விலக்கு இல்லை. பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருமுறை, "ஏறுங்கக்கா, இது உங்க ஆலையில செஞ்ச வண்டி இல்ல, தாங்கும்" என்றார். பேருந்தே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. குதிகாலால் அழுத்திவிட்டுத்தான் ஏறினாள்.

அடுத்த வீட்டு சவேதா இதை இருபது வருடங்களுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை நேராகவே கேட்டும் இருக்கிறாள்.

"குதிகால் அரிக்குதுடி" என்றாள் தேயா. அத்தோடு பேச்சு முடிந்தது.

தேயாவின் ஞானஸ்நானப் பெயர் ஃபிலோஃப்தேயா. வலேனி என்ற அந்த மலையூரில் யாருக்கும் அவ்வளவு நீளப் பெயருக்குப் பொறுமை இல்லை. கம்புலுங் ஜீப் ஆலையில், வண்டியின் அடிச்சட்டம் செய்கிற சேசிஸ் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வெல்டிங் செய்தவள். அந்தப் பிரிவில் ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. ஒரு பற்றவைப்பை முடித்ததும் பக்கத்தில் உளி வைத்து அந்த எண்ணை அடிக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது விட்டுப்போனால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் அல்லவா. அவள் எண் பதினான்கு. ஆலையை மூடிய வாரம் ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். ஒருவன் சுவர்க் கடிகாரத்தையே கழற்றிக்கொண்டு போனான். தேயா தன் எண் உளியை மட்டும் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு வீட்டுக் கொட்டகையில் வேலை. கேட், அடுப்புக் கதவு, கல்லறைச் சிலுவை, டிராக்டர் கொக்கி. அவள் வெல்டிங் வைக்கும்போதெல்லாம் சவேதா வீட்டு டிவியில் படம் நடுங்கும். சவேதா பழகிவிட்டாள். படம் நடுங்கினால் தேயா பற்றவைக்கிறாள், நின்றால் பற்றவைப்பின் மேல் படிந்த கசடைத் தட்டுகிறாள்.

கணவன் கல்யாணமான மூன்றாம் வருடம் திமிஷோராவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். ஆள் உயிரோடு இருக்கிறான், கடிதம்தான் வராது. வீட்டில் தேயாவும் தம்பி சகாரியாவும் மட்டும். சகாரியாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எண்பத்தைந்தாம் வருடக் குளிர்காலத்தில், மலையூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லாரியில், உள்ளே இடமில்லாமல் வெளிப்படியில் நின்றுகொண்டு போனவர்களில் அவனும் ஒருவன். படி உடைந்தது. மற்றவர்கள் பனியில் உருண்டார்கள். இவன் கால் பின்சக்கரத்துக்குள் போனது.

குதிகால் பழக்கத்துக்கு இதுதான் காரணம் என்று சவேதா தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பாதி சரி.

இன்னொன்றையும் அவள் கவனித்திருந்தாள். எந்த வேலை கேட்டாலும் செய்து தரும் தேயா, வண்டிக்குப் படி வைத்துக் கொடு என்று யாராவது வந்தால் மட்டும் செய்ய மாட்டாள். "நேரமில்ல, டவுனுக்குப் போ" என்பாள். அன்று முழுக்கக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அது தெரிந்திருந்தும் சவேதா போய்க் கேட்டாள்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு எலும்பை மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, எழுந்து நடந்தால் மலை மடத்துத் திருநாளுக்கு யாரும் தூக்காமல் என் காலாலேயே வண்டியேறிப் போவேன் என்று மாதாவிடம் சொல்லியிருந்தாள். நடந்தாள். ஆனால் மலையேற இடுப்பு தாங்காது, மடத்துக்குப் போகிற மண்பாதையில் ஏறக்கூடியதாக வீட்டில் இருந்தது அவள் கணவன் நிஸ்தோரின் வண்டி ஒன்றுதான். அறுபத்தொன்பதாம் வருடத்து வண்டி, இதே ஆலையில் செய்தது. ஊரில் அதை இம்ஸ் என்பார்கள். கித்தான் கூரை, முன்னால் இரண்டு இருக்கை, ஓட்டுகிற நிஸ்தோர் இடது பக்கம், சவேதா வலது பக்கம், பின்னால் நீள வாக்கில் இரண்டு பெஞ்சு. அதன் தளம் சவேதாவின் தொடை உயரம். முதல் வருடம் நிஸ்தோர் முக்காலி போட்டான். முக்காலி வழுக்கி இருவரும் சேற்றில் உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் அவளைத் தூக்கி உள்ளே வைக்கப் பார்த்தான்.

"யோவ், நான் என்ன மக்காச்சோள மூட்டையா" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த வருடம் ஆகஸ்டு கடைசியில் தடியை ஊன்றிக்கொண்டு வேலி தாண்டிப் போனாள்.

"ஒரே ஒரு படிக்கா. என் பக்கம் மட்டும்."

தேயா அரத்தைக் கீழே வைக்காமல், "டவுன்ல போடச் சொல்லு" என்றாள்.

"டவுன்காரன் சேசிஸ்லயே நேரா பத்தவச்சிருவான், மலையில போறப்ப சேசிஸ் முறுக்கும், அப்புறம் பிளந்துக்கும்னு நீதானே நிஸ்தோர்கிட்ட சொன்ன."

"சொன்னேன்."

"அப்ப நீயே வையி."

"எனக்கு நேரமில்ல சவேதா."

திண்ணமாகச் சொன்னாள், ஆனால் அரம் அதே இடத்தில் போய் வந்துகொண்டிருந்தது. அந்த இரும்பில் இனி ராவ ஒன்றுமில்லை என்பது சவேதாவுக்கே தெரிந்தது. "சரிக்கா, நான் போகல. மாதாகிட்ட நீ சொல்லிக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அது நியாயமான பேச்சு இல்லை என்று அவளுக்கு வேலி தாண்டும் முன்பே உறைத்தது. ஆனாலும் திரும்பிப் போய் அந்தப் பேச்சை வாபஸ் வாங்கவில்லை.

மூன்று நாள் கழித்து, யாரும் கூப்பிடாமல், தேயா டேப்போடு வந்து இம்ஸின் வலது பக்கம் மல்லாந்து படுத்தாள். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏறுறதுக்கு மட்டும்தான். நிக்கறதுக்கு இல்ல. ஒரு ஆளு, ஒரு காலு, ஒரு நிமிஷம். சம்மதமா?"

"சம்மதம்" என்றான் நிஸ்தோர்.

"உன்னைக் கேக்கல, அவளக் கேக்கறேன்."

"சம்மதங்கா" என்றாள் சவேதா.

கால் வழுக்காத செக்கர் பிளேட்டை வெட்டிப் படி செய்தாள். படியைத் தாங்க மூன்று பிராக்கெட்: முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. பற்றவைப்பு எல்லாம் படிக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில்தான். சேசிஸில் தீ படாது. இடையில் ரப்பர் வைத்துப் போல்ட்டுப் போட்டுத் தொங்கவிடுவது. வெல்டிங் ராடுகளை அடுப்பின் வாயில் அடுக்கிக் காயவைத்தாள். இரண்டு மணி நேரம் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள், பால் பொங்கக் காத்திருப்பவள் போல.

திருநாளுக்கு முந்தைய நாள் மதியம் இடி இடித்து மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது மாலை ஆறு. அதற்குள் முன்பிராக்கெட்டும் பின்பிராக்கெட்டும் முடிந்திருந்தன. நடுப்பிராக்கெட் பற்றவைக்காமல் பட்டறையில் கிடந்தது. அடுப்பு அணைந்து மிச்ச ராடுகள் குளிர்ந்து போயிருந்தன.

"மறுபடி காயவைக்கணும்" என்றாள் தேயா. "இன்னிக்கு முடியாது. அடுத்த வாரம் போகலாம்."

"திருநாள் அடுத்த வாரம் வராதுக்கா."

"ரெண்டுல நிக்காது."

"நிக்கறதுக்கு இல்லன்னு நீதான சொன்ன. ஏறுறதுக்கு ரெண்டு போதும். நான் என்ன எருமையா?"

கொட்டகை வாசலில் ஊன்றுகோலோடு சாய்ந்திருந்த சகாரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "படின்னு ஒண்ணு இருந்தா நிப்பாங்க" என்றான். "நம்ம ஆளுங்களுக்கு நாற்காலி இருந்தா உக்காரத் தோணாது, படி இருந்தா நிக்கத் தோணும். என்னைப் பாருங்க, அனுபவஸ்தன்."

"நீ வாய மூடு" என்றாள் தேயா.

"மூடிட்டேன். ஒரு காலு போயிருச்சு, வாயாவது மிஞ்சட்டும்னு பார்த்தேன்."

அவன் சிரித்தான். தேயா பட்டறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சவேதா இன்னும் ஒருமுறை "ரெண்டு போதும்கா" என்றாள். தேயா இரண்டு பிராக்கெட்டோடு படியை மாட்டி, போல்ட்டுகளை முறுக்கினாள். முறுக்கி முடித்ததும், "நானும் வரேன்" என்றாள்.

சவேதாவுக்கு ஆச்சரியம். தேயா மடத்துத் திருநாளுக்கு வந்து அவள் பார்த்ததே இல்லை.

காலையில் சவேதா படியில் கால் வைத்தாள். ஒரு கால், அடுத்த கால், உள்ளே. அவ்வளவுதான். இரண்டு வருடம் இதற்காகவா அழுதோம் என்று இருந்தது. தேயா பின்பெஞ்சில், சரியாக அவள் முதுகுக்குப் பின்னால், கித்தானைச் சுருட்டிக் கட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து குனிந்தால் படி தெரியும். ஏறும்போது மலை வலது பக்கம், பள்ளம் இடது பக்கம்.

மடத்தில் பெரிய செப்புக் கொப்பரையில் பீன்ஸ், மீன் சூப், ரொட்டி. சவேதா மெழுகுவர்த்தி ஏற்றினாள், முழங்காலிட முடியாததால் நின்றே சொல்ல வேண்டியதைச் சொன்னாள், வெளியே வந்து இரண்டு தட்டு பீன்ஸ் சாப்பிட்டாள். தேயா வண்டியை விட்டு நகரவில்லை. களைத்துப் போன ஒரு பெண்மணி படியில் உட்காரப் போனபோது, "அம்மா, புல்லுல உக்காருங்க, பெயின்ட் காயல" என்றாள். பெயின்டே அடிக்கவில்லை.

மூன்று மணிக்கு மேகம் இறங்கியது. நடந்து வந்தவர்கள் முன்பே கிளம்பிவிட்டார்கள். டிராக்டர்கள் போயின. கடைசி வண்டி இம்ஸ். அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு: அன்று ஒரே கொப்பரையில் சாப்பிட்டவரை மலையில் விட்டுவிட்டு வரக் கூடாது. கடைசி வண்டி மிச்சம் இருக்கிற எல்லோரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் என்று எண்ணுவதே அவமரியாதை.

உள்ளே எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வெளியே மூன்று பேர் மிச்சம்: தேவாலயத்தில் பாடுகிற, இரண்டு ஆள் கனமுள்ள பம்ஃபில், மரஅறுவை ஆலை லாசர், அவன் மைத்துனன் தோரின்.

"படியில யாரும் நிக்கக் கூடாது" என்றாள் தேயா.

"நிக்கக் கூடாதுன்னா அது படியாக்கா, நகையா?" என்றான் லாசர். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மழை வருது நிஸ்தோர், ஏத்திக்கோ" என்று மடத்துச் சாமியாரே வாசலில் இருந்து கையசைத்தார். நிஸ்தோர் தேயாவைப் பார்த்தான், சாமியாரைப் பார்த்தான். திருநாளன்று, அதுவும் சாமியார் சொன்ன பிறகு, மலையில் எவன் மாட்டேன் என்பான். சவேதா வாயைத் திறக்கவே இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று பின்னால் அவள் பலமுறை யோசித்தாள். சொல்லியிருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

மூவரும் படியில் ஏறினார்கள். முன்னால் லாசர், கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு. நடுவில் தோரின். பின்னால் பம்ஃபில். இறங்கும்போது பள்ளம் வலது பக்கம். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மரங்களின் உச்சி மட்டும்தான் தெரிந்தது.

முதல் வளைவில் ஒன்றுமில்லை. பம்ஃபில் மாதா பாட்டு ஒன்றை எடுத்தார். உள்ளே சிலர் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் வளைவில் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. அப்போது சவேதாவின் காலுக்குக் கீழே எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம். நகம் வெட்டுகிற சத்தம் அளவுதான். யாரும் கவனிக்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து ஒரு கை வந்து சவேதாவின் தோளைப் பிடித்தது. பிடித்த பிடியை விடவில்லை.

சவேதா திரும்பினாள். தேயா குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை சற்றே சாய்ந்திருந்தது, பேருந்தில் ஏறும்போது இருப்பது போல. இந்த முறை பதில் வந்துவிட்டது என்று சவேதாவுக்குப் புரிந்தது.

"நிஸ்தோர்" என்றாள் தேயா, உப்பு எடு என்று சொல்வது போல. "பிரேக்கைத் தொடாத."

"என்னக்கா?"

"முதல் கியர்லயே விடு. தொட்டி வளைவு வரைக்கும் பிரேக்கைத் தொடாத. என்னன்னு கேக்காத."

பிரேக் போட்டால் மூன்று பேர் கனமும் முன்னால் சாயும். முன்பிராக்கெட்தான் விட்டுக்கொண்டிருந்தது. நிஸ்தோர் முப்பது வருடமாக அந்த வண்டியை ஓட்டுகிறவன், கேட்காமலே விளங்கியது. பாதையில் முதல் தூறல் விழுந்து களிமண் பளபளக்க ஆரம்பித்தது. மாட்டுத் தொட்டி இருக்கிற வளைவில்தான் பாதை சமமாகும். அதற்கு இன்னும் நானூறு மீட்டர் இருக்கும்.

கத்தினால் குதிப்பார்கள். குதித்தால் பள்ளம்.

"பம்ஃபில்" என்றாள் தேயா. "சவேதாவுக்கு மயக்கமா வருது. உள்ள வந்து கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

"நான் எப்படி உள்ள வரது, ஓடுற வண்டியில?"

"பக்கச்சுவரத் தாண்டி வாங்க. முதல்ல கை குடுங்க."

சவேதா உடனே கண்ணை மூடித் தலையைச் சாய்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக நடித்தாள். பம்ஃபில் பாட்டை நிறுத்திவிட்டு, அவளுக்காக மாதாவை அழைத்துக்கொண்டே வயிற்றைப் பக்கச்சுவரில் போட்டார். தேயா அவர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உள்ளே இருந்தவர்கள் மேல் அவர் விழுந்தபோது, யாரோ, "ஐயா, பீன்ஸ் கொப்பரையை முழுசா முடிச்சுட்டீங்களா" என்றார்கள். வண்டி ஒருபக்கம் தாழ்ந்து எழுந்தது.

டிக். டிக்.

"தோரின், நீயும் வா."

"எனக்கு மயக்கம் தெளிய வைக்கத் தெரியாதுக்கா."

"என் மோதிரம் படியில விழுந்திருச்சு. உன் காலடியில இருக்கும். உள்ள வா, தேடணும்."

தேயாவின் விரலில் எந்தக் காலத்திலும் மோதிரம் இருந்ததில்லை. தோரின் ஒல்லி, பூனை மாதிரி உள்ளே வந்துவிட்டான். குனிந்து பார்த்த அவன் முகம் வெளுத்தது. தேயா அவன் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

லாசர் மட்டும் மிச்சம். அவன் நின்றது முன்பிராக்கெட்டுக்கு நேர் மேலே. பக்கத்தில் சவேதாவின் கதவு. அந்த வழியாக உள்ளே வர இடமில்லை. பின்னால் நகர்ந்து வந்தால்தான் பெஞ்சு, ஆனால் ஓர் எட்டு வைத்தாலே படி விட்டுவிடும்.

"இப்ப என்னக்கா காணோம், உன் பல்லா?" என்றான் லாசர்.

தேயா பெஞ்சுக்கு அடியிலிருந்து இழுவைக் கயிற்றை எடுத்தாள். ஒரு முனையைக் கித்தான் கூரையின் இரும்பு வளைவில் சுற்றினாள். மறுமுனையைச் சவேதாவின் தோள் வழியாக வெளியே நீட்டினாள்.

"லாசர், நான் சொல்றத மட்டும் செய். இதை இடுப்புல சுத்து. முடிச்சுப் போடு."

"கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போறியா? நான் என்ன கன்னுக்குட்டியா?"

"படி விடுது" என்றாள் தேயா. "கீழ பாக்காத. சுத்து."

அவன் கீழே பார்த்தான். சிரிப்பு அவன் முகத்திலேயே ஒரு கணம் நின்று, பிறகுதான் போனது. ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றைச் சுற்றினான். ஒரு கையால் முடிச்சு வரவில்லை. சவேதா தன் மயக்கத்தை மறந்து எழுந்து, ஜன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டி, அவன் வயிற்றின் மேல் முடிச்சுப் போட்டாள். இன்னொன்றும் போட்டாள். அவன் மூச்சில் பிளம் சாராய வாசனை வந்தது. "அக்கா, எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு" என்றான், அவள் காதில் மட்டும் விழும்படி.

"தெரியும். அசையாத."

தொட்டி வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. நிஸ்தோர் பிரேக்கிலிருந்து காலைத் தள்ளியே வைத்திருந்தான். பின்சக்கரம் களிமண்ணில் ஒரு முறை வழுக்கியது, வண்டி பள்ளத்துப் பக்கம் ஒரு முழம் சாய்ந்து நேரானது. அப்போது படியின் முன்பக்கம் இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. லாசரின் கால்கள் காற்றில் தொங்கின. கயிறு இறுகி, கூரை வளைவு முனகியது. சவேதா அவன் சட்டையைப் பிடித்தாள், தேயா கயிற்றைப் பிடித்தாள், பம்ஃபில் தேயாவைப் பிடித்தார். படி ஒரு முனையில் தொங்கிக்கொண்டு கற்களில் தட்டித் தட்டி இழுபட்டது. அந்தச் சத்தத்தோடே வண்டி சமதளத்துக்கு வந்து, தொட்டி அருகே தானாக நின்றது.

கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சாராயப் புட்டி வெளியே வந்தது. லாசர் இடுப்புக் கயிற்றை அவிழ்க்காமலேயே இரண்டு மடக்குக் குடித்தான். "மோதிரம் கிடைச்சுதாக்கா?" என்றான். குரல் அவன் குரலாக இல்லை. எல்லோரும் தேவைக்கு மேல் சிரித்தார்கள்.

தேயா மட்டும் தள்ளிப் போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை சுத்தமாக இருந்தது. கழுவிக்கொண்டே இருந்தாள். சவேதா தடியை ஊன்றிப் பக்கத்தில் போனாள்.

"என்னாலதான்கா. ரெண்டு போதும்னு நான்தான் சொன்னேன்."

"வேலை செஞ்சவ நீ இல்ல."

"நான் அவசரப்படுத்தினேன்ல."

"அவசரப்படுத்த எப்பவும் ஒரு ஆளு இருக்கும்" என்றாள் தேயா. தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கும் இருந்துச்சு. ஷிப்ட் முடிஞ்சு கிளம்புற நேரம். லாரி டிரைவர் வந்து, அக்கா, பனியில ஆளுங்க ஏற முடியாம வழுக்குறாங்க, ஒரு படி வச்சுக் குடுன்னான். கணக்குல இல்லாத வேலை. ராடு ஈரமா இருந்துச்சு. காயவைக்க ரெண்டு மணி நேரம் ஆகும். எனக்கு பஸ்ஸு போயிரும்."

சவேதாவுக்கு எந்த லாரி என்று கேட்கத் தேவையில்லாமல் இருந்தது.

"ஈர ராடுல வச்சா வெளிய அழகாத்தான் இருக்கும். உள்ள பூரா பொத்தல். நான் நம்பர் அடிக்கல. கணக்குல இல்லாததுக்கு யாரு அடிப்பா? அப்புறம் விசாரணைக்கு வந்தாங்க. உடஞ்ச படியத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. நம்பர் இல்ல. டிரைவர் வாயத் திறக்கல, அவனும் போய்ச் சேந்துட்டான்."

"சகாரியாவுக்கு?"

"தெரியாது. இருபத்தஞ்சு வருஷமா என் கையால சாப்புடறான். சோறு போட்டா சரியாப் போயிரும்னு நினைச்சேன் போல. என்ன நினைச்சேன்னு எனக்கே தெரியல."

மழை வலுத்தது. நிஸ்தோர் ஹாரன் அடித்தான். தேயா எழுந்து மேலங்கி ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வலது பக்கத்த மூணு பிராக்கெட் வச்சு மறுபடி போட்டுத் தரேன். இடது பக்கமும் ஒண்ணு போடுவேன், நிஸ்தோருக்கும் வயசாகுது. அதை சகாரியாவ முன்னால உக்கார வச்சுக்கிட்டுத்தான் போடுவேன். போடுறப்ப சொல்லிருவேன். கையில வேலை இருந்தா எனக்குப் பேச வரும்."

வலது படி அடுத்த வாரமே முடிந்தது. மூன்று பிராக்கெட், ஒவ்வொன்றுக்கும் முட்டுத் தகடு, ஒவ்வொன்றிலும் பதினான்கு. மாட்டியதும் தேயா தானே அதன்மேல் ஏறிப் பத்துத் தரம் குதித்தாள். நிஸ்தோர் கண்ணை மூடிக்கொண்டான்.

இடது படிக்கும் தகடு வெட்டியாகிவிட்டது. முதலில் பிளம் சாராயம் காய்ச்சுகிற காலம். பிறகு சகாரியாவுக்குச் சளி. பிறகு பனி. கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றாள். ஜனவரியில் திருக்காட்சித் திருநாளுக்குச் சாமியார் வந்து வண்டியில் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன மறுநாள் தேயா வேலியருகே வந்து, "இந்த ஞாயித்துக்கிழமை" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் அக்காவும் தம்பியும் இருப்பது தெரிந்தது. சவேதா டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். படம் நடுங்கவே இல்லை. சொல்லு என்று போய்ச் சொல்வதா, அது என் வேலையா என்று அன்று முழுக்க அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தவக்காலம் இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை காலை, படம் நடுங்கியது. யாருக்கோ கல்லறைச் சிலுவை. நடுவில் நடுக்கம் நின்றது. கசடு தட்டுகிறாள் என்று சவேதா நினைத்தாள். தட்டுகிற சத்தம் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சகாரியா கூப்பிட்டான்.

தேயாவை அடக்கம் செய்த பிறகு, பாதியில் நின்ற அந்தச் சிலுவையை டவுனில் கொடுத்து முடித்தார்கள்.

ஏப்ரலில் பாதை காய்ந்ததும் நிஸ்தோர் இம்ஸை வெளியே எடுத்தான். சகாரியா ஊன்றுகோலோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"பாத்தியாண்ணே, போறப்ப வண்டியையும் என்னை மாதிரியே ஒத்தக் காலோட விட்டுட்டுப் போயிட்டா எங்க அக்கா" என்றான். "உங்களுக்கு ஒரு படி பாக்கி வச்சிட்டா. சாமான் எல்லாம் உள்ள தயாராத்தான் இருக்கு."

தோளில் தொங்கிய பையிலிருந்து இடது படியின் பிராக்கெட் ஒன்றை எடுத்துச் சவேதாவிடம் நீட்டினான். தேயா அதை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தாள். அதில் எங்கும் தீ பட்ட அடையாளம் இல்லை. ஆனால் ஓரத்தில், ஆழமாக, பதினான்கு அடித்திருந்தது.

"மூணுலயும் அடிச்சு வச்சிருக்கா" என்றான் சகாரியா. "முப்பது வருஷம் வேலை பார்த்தவ. பத்தவைக்கறதுக்கு முன்னாடியே யாராவது நம்பர் அடிப்பாங்களா? ஏன்கா, உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

சவேதா பிராக்கெட்டைத் துணியில் திரும்பச் சுற்றினாள். அவன் இன்னும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.